மூன்று மாதம் நான் கேட்காத கேள்வி

முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்ட உங்களுக்கு அங்கீகாரம் வந்திருக்கிறது. மகிழ்ச்சி. மாணவர் கொண்டுவரும் முடிவுகளை எப்படிச் சரிபார்ப்பது என்று உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லித் துறைத்தலைவர் கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் சங்கடமான இடங்களைச் சட்டென்று தாண்டிவிடுவேன். எழுத்தில் அப்படித் தாண்டினால் எனக்கே தெரிந்துவிடும்.

துறையில் எனக்குப் போலீஸ் மேடம் என்று பெயர். மாணவர்கள் வைத்தது. காதில் விழாத மாதிரி நடந்துகொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. ஒருவர் கொண்டுவந்த வெப்பநிலை அளவுகள் அத்தனையும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிவதைப் பார்த்து, அவை சோதனைக்கூடத்தில் எடுத்தவை அல்ல, வீட்டில் உட்கார்ந்து எழுதியவை என்று கண்டுபிடித்திருக்கிறேன். இன்னொருவர் ஒரே வரைபடத்தைத் தலைகீழாக்கி இரண்டு இடத்தில் வைத்திருந்தார். இந்த இரண்டு கதைகளையும் நான் சொல்லிக் கேட்காதவர்கள் துறையில் இருக்க மாட்டார்கள். மூன்றாவது கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதில் வருபவர் நிஜாம். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். வளைகுடாவில் ஒரு பழுதுபார்க்கும் பணிமனையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் ஆய்வுக்கு வந்தவர். அங்கே சின்னப் பழுதுக்காக முழு இயந்திரத்தையே தூக்கிப் போடுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனதாக முதல் நாளே சொன்னார். அதுதான் அவருடைய ஆய்வின் ஆரம்பம்.

நம் பக்கத்து வயல்களில் ஓடும் தண்ணீர் மோட்டார்களை உங்களுக்குத் தெரியும். பழசானதும் உடைத்துச் செம்பைத் தனியாக, இரும்பைத் தனியாக உருக்க அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே கம்பி சுற்றிய பகுதியை ஸ்டேட்டர் என்போம். பல மோட்டார்களில் அது இன்னும் பத்து வருடம் ஓடும் நிலையில் இருக்கும். எது ஓடும், எது ஓடாது என்று தெரிந்தால் அதை அப்படியே புது மோட்டாருக்குள் வைத்துவிடலாம். தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். குளிர்ந்திருக்கும்போது நன்றாகத் தெரிவது, அரை நாள் ஓடிச் சூடானதும் மின்சாரத்தைக் கசியவிடும். அதனால் ஒவ்வொன்றையும் அரை நாள் ஓட்டிச் சூடாக்கி மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தத் தொழிற்சாலைக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

நிஜாம் செய்த இயந்திரத்தில் ஒரு ரோபோ கை ஸ்டேட்டரைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் மெதுவாகச் சுழற்றும். கணினி அந்தப் படங்களைப் பார்த்து, மறுபடி ஓடுமா, உருக்கத்தான் ஆகுமா என்று சொல்லிவிடும். அதற்குப் பழக்குவதற்கு வேண்டிய ஸ்டேட்டர்கள் கும்பகோணத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தராஜிடமிருந்து வந்தன. அவர் ஒவ்வொன்றையும் அரை நாள் ஓட்டிப் பார்த்து முடிவை ஒரு நோட்டில் எழுதித் தருவார். நிஜாம் ஸ்டேட்டரைப் படமெடுத்து அந்த முடிவோடு சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பார்.

மாசி மாதம் முதல் முடிவுகள் வந்தன. கணினி இதுவரை பார்த்திராத ஸ்டேட்டர்களை வைத்துச் சோதித்திருந்தார். தவறு என்று சொல்ல அநேகமாக ஒன்றுமே இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருபது வருடம் கம்பி சுற்றியவருக்கே அரை நாள் தேவைப்படுகிற விஷயத்தை, ஒரு கேமரா வெளிப்பக்கத்தைப் பார்த்தே எப்படிச் சொல்லும்? அந்த நிமிடமே நான் கேட்டிருக்க வேண்டும். நிஜாம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறார். ரோபோ ஓடும்போது அறையை உள்பக்கம் பூட்டிக்கொள்கிறார். வேறு யாரையும் மேசையில் ஸ்டேட்டரை வைக்க விடுவதில்லை. போன் வந்தால் வராந்தாவின் கோடிக்குப் போய்த் தணிந்த குரலில் பேசுகிறார். நான் உள்ளே போனால் திரையில் இருப்பதைச் சின்னதாக்குகிறார். சந்தேகம் வந்த கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் அது சாட்சிதான். மனதுக்குள் நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அவரிடம் பேசும்போது மட்டும் முன்பைவிட இனிமையாகப் பேசினேன்.

இந்த நேரத்தில் வெளியூர் மோட்டார் கம்பெனி ஒன்று நிஜாமின் முடிவுகளைக் கேள்விப்பட்டு வந்தது. பழைய ஸ்டேட்டர் சிலவற்றைத் தாங்களே அனுப்புவதாகவும், இயந்திரம் நல்லது என்று சொல்பவற்றைப் புது மோட்டாருக்குள் வைத்துக் குடவாசல் பக்கம் ஆறு விவசாயிகளுக்குச் சோதனைக்காக இலவசமாகத் தருவதாகவும் சொன்னார்கள். அதற்கு இயந்திரத்தின் முடிவை நம்பலாம் என்று வழிகாட்டியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும்.

கடிதம் என் மேசையில் இரண்டு நாள் கிடந்தது. கையெழுத்துப் போடவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நிஜாமைச் சந்தேகப்படுவது வெளியே வந்துவிடும். என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் கிடைக்கும்வரை அவர் உஷாராகிவிடக் கூடாது. இப்படித்தான் யோசித்தேன். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன். இதைப் படிக்கும் உங்களில் ஒருவராவது, எப்படிப் போட்டீர்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, நிஜாமுக்குச் சொல்லாமல் கும்பகோணம் பஸ் ஏறினேன். கோவிந்தராஜும் அவரும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. ஸ்டேட்டரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஒரு கம்பி முடிச்சு, ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. கோவிந்தராஜ் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். டிகிரி காப்பி வரவழைத்தார். விடியலுக்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஸ்டேட்டர்களில் ஒன்றை நிறுத்தி மீட்டர் வைத்துப் பார்த்தார். நல்லது. நோட்டில் எழுதினார். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடுத்து அதை உள்ளும் வெளியும் ஒரு சுற்றுத் துடைத்து, கோணியின் மேல் நிமிர்த்தி வைத்தார். அடுத்தது தேறவில்லை. அதைத் துடைக்காமல் அப்படியே காலால் ஓரமாகத் தள்ளினார்.

"ஏன் அதை மட்டும் துடைச்சீங்க?"

"ஓடுற பொருள் மேடம். அழுக்கோட எப்படிக் குடுக்கறது?"

"நிஜாம் துடைக்கச் சொன்னாரா?"

கையிலிருந்த துணியை அவர் கீழே வைத்தார்.

"எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தாங்க. யாரும் சொல்லிச் செய்யறதில்ல. நீங்க என்ன கேக்க வந்தீங்களோ அதை நேரா கேளுங்க."

என்னால் நேராகக் கேட்க முடியவில்லை. கேட்க வந்ததே அந்த நிமிடத்தில் இல்லாமல் போய்விட்டது. கணினி ஸ்டேட்டரின் தரத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை. துடைத்தது நல்லது, துடைக்காதது கெட்டது என்று கற்றுக்கொண்டிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நல்ல பொருளுக்கு ஒருவர் காட்டிய மரியாதை அது.

அடுத்த யோசனை வந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். கம்பெனி அனுப்பிய ஸ்டேட்டர்கள் எல்லாமே தொழிற்சாலையில் கழுவிப் பளபளவென்று வந்தவை. நம் இயந்திரம் அத்தனையையும் நல்லது என்று சொல்லியிருந்தது. ஆறு மோட்டார்கள் இப்போது குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கின்றன. ஈரச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் அவற்றைத் தொடுகிறார்கள்.

தெருவுக்கு வந்து போனை எடுத்தேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன். நிஜாமின் எண்ணை அழுத்துவதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன். ஒருவேளை இவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தால், விவசாயிகளை விட்டுவிட்டு முதலில் கம்பெனியைத்தானே எச்சரிப்பார் என்று. அவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது என் நோய்.

அவர் எடுத்தார். துடைக்கும் துணியைப் பற்றிச் சொன்னேன்.

"கம்பெனி பீஸ் எல்லாம் கழுவினது மேடம்" என்றார் மெல்ல.

"அதான் நிஜாம்."

"ஆறு பேர் நம்பரும் என்கிட்ட இருக்கு. இப்பவே நிறுத்தச் சொல்றேன். நீங்க பஸ் பிடிச்சு குடவாசல் வந்துடுங்க. நான் மீட்டர் எடுத்துக்கிட்டு பைக்ல வந்துடறேன்."

நான் எதற்குக் கும்பகோணத்தில் இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

பஸ்ஸில் போகும்போதே செய்தி வந்தது. ஐந்து பேர் போனை எடுத்தார்கள், நிறுத்திவிட்டார்கள். ஆறாவது ராஜேஸ்வரி என்பவர். போனை எடுக்கவில்லை.

நான் குடவாசலில் இறங்கிக் காத்திருந்து, நிஜாம் வந்ததும் அவர் பைக்கில் ஏறிப் போனேன். ராஜேஸ்வரிக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை. நாற்றங்காலின் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்று மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மோட்டார் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

நிஜாம் வரப்பிலிருந்தே சொன்னார். "மோட்டாரை நிறுத்தணுங்க. உள்ள ஒரு பாகத்துல சந்தேகமா இருக்கு. கரண்டு கசியலாம்."

"ஓடற மோட்டாரை எதுக்குத் தம்பி நிறுத்தணும்?"

"ஒரு வாட்டி செக் பண்ணிடறோம்."

"சும்மா குடுக்கறேன்னு சொன்னப்பவே நெனச்சேன். நாத்து விட்ட பெறகு வந்து பிடுங்குவீங்கன்னு. கம்பெனிக்காரன் அனுப்பினானா? ஆத்துல தண்ணி எப்ப வரும்னு தெரியல. இந்த நாத்து காஞ்சா உங்க கம்பெனி தருமா?"

நிஜாம் மோட்டார் கொட்டகைக்குப் போய் மீட்டரின் ஒரு முனையை ஈரமண்ணில் குத்தி, இன்னொரு முனையை மோட்டாரின் உடம்பில் வைத்தார். எண் ஏறியது. அதை அவரிடம் காட்டினார்.

"அந்தப் பொட்டி உங்களுது. என்ன வேணா காட்டும்" என்றார் ராஜேஸ்வரி.

அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வழி இருந்தது. கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்கிறது, நாளைக்கு வேறு தருவார்கள் என்று சொல்லலாம். அது சுலபம். ஆனால் அவர் நம்பமாட்டார், நம்பக் காரணமும் இல்லை. இன்னொன்று, நடந்ததைச் சொல்வது. நான் சேற்றில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் வீட்டிலும் இதே ஊர்ப்பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள்தான். அதை அப்போது நான் சொல்லவில்லை.

"இந்த மோட்டார் நல்லதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டவ நான்தாங்க. கம்பெனி இல்ல, இந்தத் தம்பியும் இல்ல. எனக்கு மூணு மாசமா இதுல நம்பிக்கை இல்ல. இல்லாமலேதான் போட்டேன். இன்னிக்குக் காலையிலதான் ஏன்னு தெரிஞ்சுது."

அவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்பிக்கை இல்லாம எதுக்குப் போட்டீங்க?"

"தப்பு பண்ணிட்டேன்."

அவர் கொட்டகைக்குள் போனார். சுவர் ஓரத்தில் சாய்த்திருந்த காய்ந்த மூங்கில் குச்சியை எடுத்து அதன் நுனியால் சுவிட்சைத் தட்டி அணைத்தார். கை தானாகப் போய் எடுத்த மாதிரி இருந்தது.

"குச்சியாலதான் எப்பவும் போடுவீங்களா?" என்றார் நிஜாம்.

"நாலு நாளா. சாயங்காலமானா குழாயைத் தொட்டா சுருக்குங்குது. சொன்னா எடுத்துட்டுப் போயிடுவீங்களேன்னு சொல்லல."

நிஜாம் மோட்டாருக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். நான் வரப்பில் உட்கார்ந்தேன்.

நாற்றைக் காயவிட முடியாது. கோவிந்தராஜுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். காலையில் அவரிடம் கேட்காமல் விட்டதையும் சொன்னேன். "அட்ரஸ் அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் லோடு ஆட்டோவில் தன் பட்டறை மோட்டாரோடு வந்து இறங்கினார். தானே பொருத்தி, ஓடவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ராஜேஸ்வரியிடம், "இது நான் ஓட்டிப் பாத்ததும்மா, தைரியமா தொடுங்க" என்றார். என்னிடம் பேசவில்லை. மற்ற ஐந்தையும் அடுத்த நாள் சோதித்தோம். இன்னும் ஒன்று கசிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்கு எங்கள் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லை.

கோவிந்தராஜ் வரும்வரை நானும் நிஜாமும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம்.

"எப்பலேருந்து சந்தேகப்பட்டீங்க மேடம்?"

"மாசியிலேருந்து."

"என்னையா?"

பொய் சொல்லத் தோன்றியது. "ஆமா" என்றேன். அறையைப் பூட்டிக்கொண்டது, போன் பேசியது, திரையைச் சின்னதாக்கியது என்று பட்டியலைச் சொன்னேன்.

"ரோபோவை நிறுத்தற பட்டன் சில நேரம் வேலை செய்யல. யாருக்காவது அடிபட்டுடும்னுதான் பூட்டினேன். மாச அறிக்கையில எழுதியிருந்தேனே மேடம், பட்டனை மாத்தித் தாங்கன்னு. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. போன், அந்தக் கம்பெனிக்காரங்க. படிப்பை விட்டுட்டு வேலைக்கு வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு தள்ளிப் போய்ப் பேசினேன். ஸ்கிரீன்ல என்னன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

நான் அவரை எப்போதும் வாங்க, போங்க என்றுதான் பேசினேன். அந்த மரியாதைக்கு உள்ளே என்ன இருந்தது என்று அன்றைக்கு அவருக்கும் தெரிந்துவிட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது என் சொந்த வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த அளவெல்லாம் உங்களுக்கு யார் எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டார். புன்னகையோடுதான் கேட்டார். அவர் கேள்வியாவது என் காதில் விழுந்தது. பதில் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. நான் நிஜாமுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை.

பிறகு நடந்தவை சீக்கிரம் சொல்லக்கூடியவை. நானே கம்பெனிக்கு எழுதிக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர்கள் விலகிவிட்டார்கள். நிஜாம் எல்லா ஸ்டேட்டரையும் ஒரே மாதிரி துடைத்து மறுபடி முதலிலிருந்து படமெடுத்தார். முடிவுகள் சரிந்தன. கேமரா மட்டும் போதாது என்று தெரிந்து, ஸ்டேட்டரைக் கொஞ்ச நேரம் சூடாக்கி அளந்து பார்ப்பதையும் ரோபோவின் வேலையில் சேர்த்தார். அரை நாள் ஒரு மணி நேரத்துக்கு இறங்கியது. பழைய முடிவு அளவுக்குப் பளபளப்பாக இல்லை. ஆனால் நம்பலாம். இயந்திரம் அழுக்கைப் படித்து எங்களை ஏமாற்றிய விதத்தை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகவே எழுதினார்.

அதற்கு முன்னால், ஆடி மாதம், வழிகாட்டியை மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொண்டுவந்தார். காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தது. இந்தத் தடவை முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் முடிவுகள் தவறு என்று எப்படித் தெரியவந்தது என்று ஒருவர் கேட்டார். "என் பழைய கைடு மேடத்துக்குத்தான் முதல்ல சந்தேகம் வந்தது" என்றார் நிஜாம். "மிஷின் மேல இல்ல, என் மேல." அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆகவே துறைத்தலைவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். சந்தேகப்படுங்கள். நம் வேலையே அது. முடிவு அளவுக்கு மீறி நன்றாக வந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். ஆனால் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். கேட்காமல் வைத்திருக்கும் சந்தேகம் உங்களுக்குள் ஓர் ஆளைக் குற்றவாளியாக்கிக்கொண்டே இருக்கும். வெளியே ஆபத்து அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தேர்வு முடிந்து விருந்து நடந்தது. நான் கிளம்பப் பார்த்தேன். நிஜாம் வாசல்வரை வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மேடம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தார். பிரியாணியைப் பிசைந்துகொண்டே, வெகுநாளாக இருந்ததைக் கேட்டேன்.

"மாசியில, அந்த முதல் நாளே, இது எப்படி இவ்வளவு நல்லா வந்துச்சுன்னு நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க நிஜாம்?"

அவர் யோசித்துத்தான் சொன்னார்.

"தெரியலன்னு சொல்லியிருப்பேன் மேடம். அப்புறம் ரெண்டு பேருமா கும்பகோணம் போயிருப்போம்."